எந்த அம்பாசிடர்?

“அம்பாசிடர் காருக்கு ஒரு செட் பிஸ்டன் வேண்டும்.”

சென்னை புதுப்பேட்டைக்குப் போய் இப்படிக் கேட்டுப் பாருங்கள். விவரம் தெரிந்த கடைக்காரர் உடனே பெட்டியை எடுத்து வைக்கமாட்டார். “எந்த அம்பாசிடர்?” என்று திருப்பிக் கேட்பார்.

வந்தவருக்கு எரிச்சல் வரும். அம்பாசிடர் என்றால் அம்பாசிடர்தானே! ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரே முகத்தோடு ஓடிய கார் அல்லவா அது? தாத்தா வாங்கிய வண்டி, கலெக்டர் வந்து இறங்கிய வண்டி, ரெயிலடியில் நின்ற டாக்சி எல்லாம் பார்வைக்கு ஒன்றுதானே?

பார்வைக்கு ஒன்றுதான். பானெட்டைத் தூக்கினால் கதை வேறு. அந்த ஒரு பெயருக்குள் குறைந்தது 5 விதமான எஞ்சின்கள் இருந்திருக்கின்றன. ஒன்றின் பிஸ்டன் இன்னொன்றுக்குச் சேராது. எந்த எஞ்சின் என்று தெரியாமல் சாமான் வாங்கினால் பணம் போகும். சேராததைத் தட்டிக் கொட்டி ஏற்றிவிட்டால் எஞ்சினே போய்விடும்.

கம்பெனி நடந்த காலத்தில் இந்தக் கவலை குறைவு. இப்போது அப்படி இல்லை. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் அம்பாசிடர் செய்த தொழிற்சாலை 2014-ம் ஆண்டு மே மாதம் வேலையை நிறுத்தியது. பம்பாய் குர்லாவில் உருவான பத்மினி கார் அதற்கும் முன்பே, 2000-ம் ஆண்டு வாக்கில், நின்றுவிட்டது. ஆனால் வண்டிகள் இருக்கின்றன. சில வீடுகளில் தாத்தாவின் நினைவாக நிற்கின்றன. சில இடங்களில் கல்யாண ஊர்வலத்துக்கும் சினிமா படப்பிடிப்புக்கும் வாடகைக்குப் போய்ச் சோறு போடுகின்றன. அவற்றுக்குச் சாமான் வேண்டும். பழைய சரக்கு வைத்திருப்பவரிடமோ, காயலான் கடையிலோ தேடிப் பிடிக்க வேண்டும். அங்கே தப்பாக வாங்கிவிட்டால், திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதும் கஷ்டம்.

ஒரு பெயர், ஐந்து எஞ்சின்

அம்பாசிடர் பிறந்தது இங்கிலாந்தில். அங்கே அதன் பெயர் மாரிஸ் ஆக்ஸ்போர்டு. அதன் மூன்றாவது மாடலின் அச்சுகளை வாங்கி வந்து, இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957-ல் இங்கே செய்யத் தொடங்கியது.

முதலில் வந்த வண்டிகளில் 1476 சி.சி. எஞ்சின் இருந்தது. ‘சைடு வால்வு’ எஞ்சின். 1959-ல் அதை எடுத்துவிட்டு, 1489 சி.சி. எஞ்சினை வைத்தார்கள். இங்கிலாந்தில் பி.எம்.சி. என்ற பெரிய கம்பெனி செய்த ‘பி’ வரிசை எஞ்சின் அது. நம் நாட்டில் லட்சக்கணக்கான மைல்கள் ஓடித் தேய்ந்தது பெரும்பாலும் இந்த எஞ்சின்தான். 1980-ஐ ஒட்டி, அதே 1489 சி.சி. அளவில் டீசல் எஞ்சினும் வந்தது. 1990-களில் ஜப்பானிய இசுசு எஞ்சின்கள் வந்தன. பெட்ரோலில் ஓடுவது 1817 சி.சி. டீசலில் ஓடுவது 1995 சி.சி.

சி.சி. என்றால் என்ன? பலர் அதைக் குதிரைச் சக்தி என்று நினைக்கிறார்கள். அது இல்லை. பிஸ்டன் கீழே இருந்து மேலே போகும்போது எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு போகிறதோ, அந்த இடத்தின் கன அளவு அது. நான்கு சிலிண்டர் இருந்தால் நான்கையும் கூட்டிச் சொல்வார்கள். நம் வீட்டுப் படியில் பால் அளப்பது போலத்தான். ஒரு லிட்டர் என்பது 1000 சி.சி. ஆகவே 1489 சி.சி. எஞ்சின் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் எஞ்சின்.

பதின்மூன்று சி.சி.

1476-க்கும் 1489-க்கும் வித்தியாசம் 13 சி.சி.தான். ஒரு மேஜைக் கரண்டித் தண்ணீர் அளவுகூட இல்லை. “இவ்வளவுதானே, போட்டுப் பார்த்தால் என்ன?” என்று தோன்றும். போட முடியாது. இரண்டும் இருவேறு குடும்பத்துப் பிள்ளைகள்.

சைடு வால்வு எஞ்சினில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்கிலேயே நிற்கும். ஆகவே மேலே இருக்கும் ஹெட் தட்டையான இரும்புப் பலகை போலக் காணப்படும். ‘பி’ வரிசை எஞ்சினில் வால்வுகள் ஹெட்டில் தலைகீழாகத் தொங்கும். அவற்றை அழுத்தும் ராக்கர்களை மூடிக்கொண்டு, மேலே நீளமான தகரப் பெட்டி ஒன்று இருக்கும். அதுதான் ராக்கர் கவர். இந்த ஒரு அடையாளம் போதும். கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம்.

அடுத்த அடையாளம் பக்கம். டிரைவர் ஆசனத்தில் உட்கார்ந்து முன்னால் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘பி’ வரிசை பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்குகளும் டிஸ்ட்ரிபியூட்டரும் வலது பக்கம். கார்புரேட்டரும் புகைக் குழாயும் இடது பக்கம். இசுசு பெட்ரோல் எஞ்சினில் கேம் ஷாப்ட்டே ஹெட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். வால்வைத் தள்ளும் நீண்ட கம்பிகள் கிடையாது. அந்த வண்டிக்குத் தரையில் கியர் கம்பி, 5 கியர்.

அளந்து பார்க்கலாமா?

பார்வையில் தெரியவில்லை என்றால் அளக்கத்தான் வேண்டும். அதற்கு இரண்டு அளவுகள் தேவை. ஒன்று, சிலிண்டரின் குறுக்களவு. இதைப் ‘போர்’ என்பார்கள். மற்றது, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம். அது ‘ஸ்ட்ரோக்’.

கணக்கு எளிது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்தால் போட்டுவிடும். போரை மி.மீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்க வேண்டும். வந்ததை 0.7854-ஆல் பெருக்க வேண்டும். பிறகு ஸ்ட்ரோக்கால், பிறகு சிலிண்டர் எண்ணிக்கையால். கடைசியில் 1000-ஆல் வகுத்தால் சி.சி.

‘பி’ வரிசை எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். போர் 73 மி.மீ. ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. 73-ஐ 73-ஆல் பெருக்கினால் 5329. அதை 0.7854-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 4185. இதை 88.9-ஆலும் 4-ஆலும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 1488 வருகிறது. ஒன்று குறைகிறதே என்கிறீர்களா? உண்மையான போர் 73.025 மி.மீ. அந்தச் சிறு பின்னத்தை நாம் விட்டுவிட்டோம்.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. பழைய எஞ்சினில் சிலிண்டர் தேய்ந்திருக்கும். தேய்ந்ததை லேத் பட்டறையில் கடைந்து சற்றுப் பெரிதாக்கி, அதற்குத் தக்க பெரிய பிஸ்டன் போடுவது வழக்கம். ‘ரீபோர்’ செய்வது என்று சொல்கிறோமே, அதுதான். இந்த எஞ்சினுக்குப் பிஸ்டன்கள் அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு, 20 பங்கு, 30 பங்கு, 40 பங்கு என்று ஓவர்சைஸில் வந்தன.

20 பங்கு என்பது அரை மில்லிமீட்டர். அவ்வளவு கடைந்த ‘பி’ வரிசை எஞ்சினின் போர் 73.5 மி.மீ. ஆகிவிடும். ஆனால் பழைய சைடு வால்வு எஞ்சினின் அசல் போரும் 73.5 மி.மீ.தான்! போரை மட்டும் அளந்துவிட்டு வந்தவர் இரண்டில் எது என்று சொல்ல முடியாமல் தவிப்பார். ஸ்ட்ரோக்கையும் அளந்தால் சந்தேகம் தீரும். ஒன்றில் 87 மி.மீ. மற்றதில் 88.9 மி.மீ. சிலிண்டரை எத்தனை முறை கடைந்தாலும் ஸ்ட்ரோக் மாறாது. அதை நிச்சயிப்பது கிராங்க் ஷாப்ட்.

40 பங்கு வரை கடைந்த எஞ்சினைக் கணக்குப் போட்டால் 1531 சி.சி. வரும். அப்படி ஒரு எஞ்சினை அந்தக் கம்பெனி செய்ததே இல்லை. கணக்கு தப்பு என்று காகிதத்தைக் கிழித்துப் போட வேண்டாம். எத்தனை முறை கடைந்திருக்கிறார்கள் என்பதை அது சொல்கிறது.

அளக்கும்போது இன்னொன்று. சிலிண்டரின் மேல்பகுதிதான் அதிகம் தேயும். அங்கே அளந்தால் ஏமாந்துபோவோம். ரிங் உரசாத அடிப்பகுதியில் அளக்க வேண்டும். வீட்டு ஸ்கேல் போதாது. லேத் பட்டறையில் இதற்கென்று டயல் வைத்த கருவி இருக்கிறது. ஹெட்டைக் கழற்றிய பிறகு பிஸ்டனின் தலையையும் துணியால் துடைத்துப் பாருங்கள். கரிக்கு அடியில் 020 என்றோ 040 என்றோ எண் குத்தியிருக்கலாம். அதுவே ஓவர்சைஸ். பேரிங் தகட்டின் முதுகிலும் இப்படி எண் இருப்பதுண்டு.

அளவு ஒன்று, பிஸ்டன் வேறு

பெட்ரோலுக்கும் டீசலுக்கும் 1489 சி.சி. என்று முன்னே சொன்னேன். போரும் ஒன்று, ஸ்ட்ரோக்கும் ஒன்று. அப்படியானால் பிஸ்டனும் ஒன்றுதானே?

இல்லை. பெட்ரோல் எஞ்சின் காற்றையும் பெட்ரோலையும் கலந்து, ஏழில் ஒரு பங்கு அல்லது எட்டில் ஒரு பங்காக நெருக்குகிறது. பிறகு பொறி வைத்துக் கொளுத்துகிறது. டீசல் எஞ்சினில் பொறியே கிடையாது. வெறும் காற்றை இருபதில் ஒரு பங்குக்கும் குறைவாக நெருக்குகிறது. அந்த நெருக்குதலிலேயே காற்று பழுக்கக் காய்ந்து, உள்ளே பீய்ச்சும் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. இந்த அடியைத் தாங்க டீசல் பிஸ்டனின் அமைப்பே வேறு. தலையின் வடிவம் வேறு. ஆகவே கடையில் “1489” என்று மட்டும் சொன்னால் போதாது.

பிஸ்டன் வாங்கும்போது போர் ஒன்றே பார்ப்பது செருப்பு வாங்கும்போது நீளம் ஒன்றே பார்ப்பது போல. பின் ஓடும் துவாரம் எவ்வளவு? அந்தத் துவாரத்தின் நடுவிலிருந்து பிஸ்டன் தலை வரை உயரம் எவ்வளவு? ரிங் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை தடிமன்? நான்கும் ஒத்துப்போக வேண்டும். உயரம் சற்றுக் கூடினாலும் பிஸ்டன் போய் ஹெட்டில் மோதும். அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டவர் மறக்கமாட்டார்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால்?

இங்கே கிடைக்காததை இங்கிலாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் தபாலில் வரவழைப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய கார்களுக்குப் புதுச் சாமான் செய்து விற்கும் கடைகள் அங்கே உண்டு. ஆனால் அங்கேதான் பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. யாரும் மோசம் செய்வதால் அல்ல. பெயரால் வரும் ஏமாற்றம்.

நம் ஊர்க் கார்கள் மூன்றும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. இங்கே வந்த எஞ்சின் பல வருஷம் அப்படியே இருந்தது. பிறந்த ஊரில் அது வளர்ந்துவிட்டது.

பியட் காரைப் பாருங்கள். பத்மினி என்று பெயர் சூட்டிக்கொள்வதற்கு முன் அது பியட் 1100. அதன் 1089 சி.சி. எஞ்சினின் போர் 68 மி.மீ., ஸ்ட்ரோக் 75 மி.மீ. இந்த அளவு இத்தாலியில் 1937-லேயே வந்தது. நம் பத்மினியில் 2000-ம் ஆண்டு வரை அதே அளவு. ஆனால் இத்தாலியில் 1962-ல் வந்த 1100 ‘டி’ மாடலுக்கு 1221 சி.சி. எஞ்சின் வைத்தார்கள். போர் 72 மி.மீ. நம் ஊரிலும் 1964-ல் 1100 ‘டி’ வந்தது. பெயர் அதே, உடம்பு அதே, எஞ்சின் மட்டும் பழைய 1089. இத்தாலிக்கு எழுதி “1100 டி பிஸ்டன்” கேட்டால், அவர்கள் 72 மி.மீ. பிஸ்டனை அனுப்பினால், அவர்கள் மேல் என்ன குற்றம்?

ஹெரால்டு கதையும் அதுதான். இது நம் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் செய்த கார். என்னைக் கேட்டால், இந்த மூன்றில் அழகு அதுதான். எஞ்சின் 948 சி.சி. போர் 63 மி.மீ., ஸ்ட்ரோக் 76 மி.மீ. இங்கிலாந்தில் ஹெரால்டு அதே 1961-ல் 1147 சி.சி. ஆகிவிட்டது. பிறகு 1296 சி.சி. வந்தது. விசித்திரம் என்னவென்றால், இந்த எஞ்சின்கள் எல்லாவற்றுக்கும் ஸ்ட்ரோக் 76 மி.மீ.தான். இவற்றுக்கு மூத்த ஸ்டாண்டர்டு 8 காரின் 803 சி.சி. எஞ்சினுக்கும் அதே 76. போர் மட்டும் 58, 63, 69.3, 73.7 என்று ஏறிக்கொண்டே போகிறது. அங்கே ஸ்ட்ரோக் வழி காட்டியது, இங்கே போர்தான் வழி காட்டும். ஒன்றை மட்டும் நம்பினால் எங்காவது ஓரிடத்தில் காலை வாரிவிடும்.

மாரிஸ் ஆக்ஸ்போர்டும் 1961-ல் 1622 சி.சி.க்கு மாறியது. அம்பாசிடர் 1489-லேயே நின்றது.

இதற்கு நேர் எதிரான சங்கதியும் உண்டு. அது சந்தோஷமானது. 1489 சி.சி. ‘பி’ வரிசை எஞ்சின் மாரிஸ் காருக்கு மட்டும் போனதல்ல. ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், உல்ஸ்லி, எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் கார், எல்லாவற்றிலும் அதுதான். (எம்.ஜி.ஏ.வுக்கும் நம் எம்.ஜி.ஆருக்கும் சம்பந்தம் இல்லை.) நம் ஊரில் முதலில் வந்த கான்டெஸாவிலும் அதே எஞ்சின். ஆகவே அம்பாசிடர் பெயர் போட்ட பெட்டி கிடைக்கவில்லை என்றால், எம்.ஜி.ஏ. பெயர் போட்ட பெட்டியில் தேடலாம். கார்புரேட்டரும் பிஸ்டன் தலையும் வேறாக இருக்கலாம். அடிப்படை ஒன்றுதான்.

மரை பொருந்துமா?

சிறு சாமானும் சிலசமயம் பெரிய நஷ்டத்தைத் தரும். ‘பி’ வரிசை எஞ்சினின் போல்ட்டு, நட்டுகள் அங்குல அளவு. பியட்டும் இசுசுவும் மில்லிமீட்டர் அளவு. பதினாறில் ஐந்து அங்குலம் என்பது 7.94 மி.மீ. 8 மி.மீ. போல்ட்டுக்கும் அதற்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு சுற்று, இரண்டு சுற்று ஏறும். பிறகு இறுகும். துருப்பிடித்திருக்கிறது என்று நினைத்து நீளக் கம்பி போட்டுத் திருகினால், பிளாக்கில் இருக்கும் மரை உரிந்துவிடும். கையால் திருகி நான்கைந்து சுற்று தாராளமாகப் போகாத போல்ட்டை ஸ்பானரால் தொடவே கூடாது.

எண் சொல்லும் செய்தி

எஞ்சினில் எண் குத்தியிருக்கும், அல்லது எண் குத்திய சிறு தகடு தைத்திருக்கும். பெரும்பாலும் பிளாக்கின் பக்கவாட்டில், ஹெட்டுக்குச் சற்றுக் கீழே. எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெய் துணியால் துடைத்தால் தெரியும். கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம், எழுத்து அழிந்துவிடும். இங்கிலாந்தில் செய்த பி.எம்.சி. எஞ்சின்களில் எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்துகளே பாதிக் கதையைச் சொல்லிவிடும். 15 என்றால் 1500 சி.சி. வகை. எந்தக் காருக்கு, நெருக்குதல் அதிகமா குறைவா என்பதற்கும் எழுத்து உண்டு.

இந்த எண்ணை ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப் பாருங்கள். இதை முதலில் செய்ய வேண்டும். பழைய அம்பாசிடர்களில் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு, வேறு வண்டியின் டீசல் எஞ்சினை ஏற்றியவர்கள் அநேகம் பேர். அப்படிப்பட்ட வண்டிக்கு அம்பாசிடர் சாமான் தேடி அலைந்தால் ஆயுசுக்கும் கிடைக்காது.

எண் ஒத்துவராவிட்டால் சட்டத் தொல்லையும் உண்டு. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துப் புத்தகத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஆகவே காயலான் கடையில் முழு எஞ்சினாக வாங்குகிறவர்கள் ரசீது இல்லாமல் வாங்கக் கூடாது. அது எங்கிருந்து கழற்றியதோ, யாருடையதோ! நாளைக்குப் போலீஸ்காரர் கேட்டால் காட்டக் கையில் காகிதம் வேண்டும்.

இன்னும் ஒரு விஷயம். 50 வருஷம் கடந்த கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் பழம்பெரும் வாகனம் என்று தனியாகப் பதிவு செய்ய, மத்திய சர்க்கார் 2021 ஜூலையில் விதி வகுத்தது. எண் தகட்டில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 வருஷம் செல்லும். வாடகைக்கு ஓட்டக் கூடாது. முக்கியமான நிபந்தனை, வண்டி அசல் உருவில் இருக்க வேண்டும் என்பது. எஞ்சினைப் பெரிதாக மாற்றியமைத்திருந்தால் இந்தப் பதிவு கிடைக்காது. 1960-களின் அம்பாசிடரோ, ஹெரால்டோ வீட்டில் வைத்திருப்பவர், “இந்த எஞ்சின் வேண்டாம், வேறு போட்டுவிடலாம்” என்று மெக்கானிக் சொல்லும்போது இதை யோசித்துக்கொள்ள வேண்டும். எளிதாகக் கிடைக்கிறது என்று இசுசு எஞ்சினை ஏற்றிவிட்டால், ஓட்டம் நன்றாக இருக்கும். அந்தப் பதிவு மட்டும் கைவிட்டுப் போகும்.

கடைக்குப் போகும்போது

கழற்றிய பழைய சாமானைத் தூக்கி எறியாமல் கையோடு கொண்டுபோங்கள். உடைந்திருந்தாலும் பரவாயில்லை. புதிய கேஸ்கட்டைப் பழையதன்மேல் வைத்துப் பார்த்தால், ஒரு துவாரம் தள்ளியிருந்தாலும் தெரிந்துவிடும். எஞ்சின் எண்ணைக் கையால் எழுதிக்கொண்டு போனால் 8-ஐ 3 என்று எழுதிவிட வாய்ப்புண்டு. எண்ணின்மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அந்தப் பிரதியை எடுத்துப் போங்கள். போர், ஸ்ட்ரோக், இப்போது இருக்கும் ஓவர்சைஸ், பெட்ரோலா டீசலா என்பதை அதன் கீழேயே குறித்துக்கொள்ளுங்கள்.

பிஸ்டன் வாங்குவதானால், கடைவதற்கு முன்னால் வாங்குங்கள். 30 பங்கு கடைந்துவிட்டு, 30 பங்கு பிஸ்டன் ஊர் முழுவதும் இல்லை என்று கண்டவர்கள் உண்டு. கிடைத்த பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் அளவுக்கு சிலிண்டரைக் கடைவதுதான் பழைய பட்டறைக்காரர்களின் வழக்கம். 40 பங்கும் கடைந்து தீர்ந்த எஞ்சினுக்கும் வழி உண்டு. சிலிண்டருக்குள் புது இரும்புக் குழாயை இறக்கி, மறுபடி 73.025 மி.மீ. அளவுக்குக் கடைந்தால், முதல் நாள் தொழிற்சாலையிலிருந்து வந்த அளவுக்கே திரும்பிவிடும். அப்போது அசல் அளவுப் பிஸ்டனைத் தேடலாம். “எந்த அம்பாசிடர்?” என்று கடைக்காரர் கேட்பார். பென்சில் பிரதியை எடுத்து நீட்டுங்கள்.